வியாழக்கிழமைக்குள் முந்நூறு வாக்கியங்கள்

நூற்றுப் பதினெட்டு. “ஒட்டகச்சிவிங்கிக்குக் குரலே இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது?” இந்த வாக்கியத்தை எழுதிய புண்ணியவான் யாரென்று தெரிந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம். நாளை மறுநாள், வியாழக்கிழமை காலையில், தொண்டையில் இருக்கிற கட்டியோடு சேர்த்துக் குரல்வளையையே எடுத்துவிடப் போகிற ஒருத்தனிடம் வாசிக்கக் கொடுக்கிற வாக்கியமா இது? வாசித்துவிட்டேன். கரகரவென்றுதான் வந்தது, ஆனாலும் திரையின் மூலையில் பச்சை விழுந்துவிட்டது. பச்சை விழுந்தால் கணினி என் குரலை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சிவப்பு விழுந்தால் திரும்ப வாசிக்க வேண்டும். இப்படி முந்நூறு வாக்கியம். அத்தனையும் முடித்தால் கணினி என் குரலைப் படித்துக்கொள்ளுமாம், அப்புறம் ஆயுசுக்கும் நான் போனில் தட்டுவதையெல்லாம் என் குரலிலேயே பேசுமாம். மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரியின் மூன்றாவது மாடியில், சுவரெல்லாம் முட்டை அட்டை மாதிரி பஞ்சு ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஃபேன் கூடாது, ஏசி கூடாது, அதுகளின் இரைச்சலும் சேர்ந்து பதிந்துவிடுமாம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எதிரே கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் கணினி முன்னால் பெனாசிர், இந்த ஆராய்ச்சியைச் செய்கிற பெண், மிஞ்சிப் போனால் இருபத்தைந்து வயது இருக்கும். அவளுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் என் மனைவி. பாவம், சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று பெனாசிர் அவள் காதிலும் ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டாள். காலையிலிருந்து அவள் என்னை ரேடியோ மாதிரி கேட்டுக்கொண்டிருக்கிறாள். முப்பத்தோரு வருஷத்தில் நான் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி அவள் கேட்டதே கிடையாது.

நூற்றுப் பத்தொன்பது. “மழை வருவதற்குள் துணிகளை எடுத்து வையுங்கள்.” பச்சை. இந்த மாதிரி ஓர் இயந்திரத்தைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன், அதுதான் வேடிக்கை. பத்திரிகையில் செய்திப் பிரிவில் குப்பை கொட்டியது போக, ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் பதினோரு வருஷம் ‘மின்கம்பம்’ என்ற பெயரில் தொழில்நுட்பப் பத்தி எழுதினேன். திங்கட்கிழமையானால் வெளிநாட்டுச் செய்திகள் ஆங்கிலத்தில் கட்டுக்கட்டாக வந்து விழும். எதைத் திறந்தாலும் புரட்சி. ஒரே வருஷத்தில் நாற்பது புரட்சி நடந்தது, எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி மட்டும் வந்தபாடில்லை. இனிமேல் டாக்டர் தேவையில்லை, வாத்தியார் தேவையில்லை, டிரைவர் தேவையில்லை என்று வாரத்துக்கு ஒருத்தரை வீட்டுக்கு அனுப்புவார்கள், அடுத்த வாரம் அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று விளம்பரம் வரும். பால் தீர்ந்துவிட்டதென்று தானே கடைக்குச் சொல்லும் ஃபிரிட்ஜ் வந்தபோது, பால் திரிந்துபோனால் யாருக்குச் சொல்லும் என்று கேட்டு ஒரு பத்தி ஓட்டினேன். குரலை நகலெடுக்கும் கணினி வந்தபோது இன்னும் குஷி. ‘இனி செத்தவனே போன் போட்டுத் தன் கருமாதிக்கு எல்லாரையும் கூப்பிட்டுக்கொள்வான், சொந்தக்காரர்களுக்கு அலைச்சல் மிச்சம்’ என்று எழுதினேன். ஆபீசே சிரித்தது. ஆசிரியர் தேநீர் வாங்கிக் கொடுத்தார். நூற்று இருபது. “ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வெங்காயம் வாங்கினேன்.” சிவப்பு. கடைசியில் இருமிவிட்டேன். “பரவால்ல சார், இன்னொரு தடவ சொல்லிருங்க. வெந்நி ஒரு வாய் குடிச்சுக்கோங்க” என்று காதுக்குள் பெனாசிர். இந்தப் பெண் இதுவரை ஒருதரம்கூட முகம் சுளிக்கவில்லை. நான் எத்தனை முறை இருமினாலும் தப்பு இயந்திரத்தின் பேரில்தான் என்கிற மாதிரி பேசுகிறாள்.

பத்தியில் எழுதியதைவிட எழுதாமல் விட்டதுதான் அதிகம். கிண்டல் சுலபமாக வரும், கை அதற்குப் பழகிவிட்டது. ஒன்றைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றால் அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் மச்சினி, அதாவது என் மனைவியின் தங்கச்சி, மஸ்கட்டில் இருக்கிறாள். வீடியோ கால் வந்த புதிதில் அக்காளும் தங்கச்சியும் மணிக்கணக்கில் பேசித் தீர்த்தார்கள். அப்புறம் பேச ஒன்றும் இல்லாமல் போனது. ஆனால் கால் நிற்கவில்லை. காலையில் இவள் போனை உப்புச் சாடியில் சாய்த்து வைத்துவிட்டுக் காய் நறுக்குவாள், அங்கே அவளும் எதிலோ சாய்த்து வைத்துவிட்டு மாவு பிசைவாள். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். இங்கே குக்கர் விசில் அடிக்கும், அங்கே ஒன்று அடிக்கும். “உன்னுதா, என்னுதாடி?” என்று இவள் கேட்பாள், அதோடு சரி. போனைக் கண்டுபிடித்தவனுக்கு இது தெரியுமா? கடல் தாண்டி இரண்டு அடுப்பங்கரையை ஒரே அடுப்பங்கரையாக ஆக்கிவிட்டார்கள் இந்தப் பெண்கள், அதுவும் யாரும் சொல்லிக் கொடுக்காமல். கலிபோர்னியாவில் இருக்கிறவன் ஒன்றைச் செய்து அனுப்புகிறான், அது எதற்கு என்று கோவில்பட்டிக்காரி முடிவு செய்கிறாள். இதைத்தான் எழுதியிருக்க வேண்டும். நான் என்ன எழுதினேன்? வாட்ஸப்பில் குரலைப் பதிந்து அனுப்புகிறவர்களைச் சோம்பேறிகள் என்று ஒரு முழுப் பத்தி. நாலு எழுத்துத் தட்ட வலிக்கிறவர்கள், காதில் வந்து கத்துகிறவர்கள். எழுதிய கைக்கு விசுவாசமாக நானும் ஒருநாளும் குரல் அனுப்பவில்லை. போன வாரம் பெனாசிர் கேட்டாள், “பழைய ரெக்கார்டிங் ஏதாவது இருக்கா சார்? தொண்ட கட்டுறதுக்கு முன்னாடி உள்ளது. வாட்ஸப் வாய்ஸ் மெசேஜ் இருந்தாலும் போதும்.” வீட்டையே கவிழ்த்துத் தேடினோம். ஊரில் உள்ளவர்கள் குரலெல்லாம் எங்கள் இரண்டு போனிலும் இருக்கிறது, என்னுடையது இல்லை. கடைசியில் மைத்துனன் மகன் கல்யாண வீடியோவில் ஒரு இடம் அகப்பட்டது. பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், “போதும்ப்பா, ரசத்த விடு” என்கிறேன். அவ்வளவுதான் நல்ல நிலையில் இருந்த என் குரல். பெனாசிர் அதையும் வாங்கிக்கொண்டு, “செம சார், இது போதும், இத வச்சு இப்ப இருக்குற கரகரப்பக் கொஞ்சம் குறச்சிரலாம்” என்றாள். மூன்றே வார்த்தை. அதிலிருந்து ஒரு மனுஷனின் பழைய தொண்டையைத் தோண்டி எடுப்பார்களாம். என்னால் இதற்குக் கிண்டல் எழுத முடியாது.

இங்கே என்னைக் கூட்டிக்கொண்டு வந்தது என் மனைவிதான். என் பத்தியை அவள் ஒன்றுகூடப் படித்ததில்லை, படித்ததாகச் சொன்னதும் இல்லை. டாக்டர் ஆபரேஷனைப் பற்றி விளக்கினார். கழுத்தில் ஓட்டை போட்டு அது வழியாகத்தான் மூச்சு, பேச்சு வராது, எழுதிக் காட்டலாம், போகப்போகப் பழகிவிடும் என்றார். நான் பேப்பர்க்காரன் இல்லையா, விவரமாக எல்லாம் குறித்துக்கொண்டேன். இவள் ஒன்றே ஒன்று கேட்டாள். “சத்தமாச் சிரிக்க முடியுமா இவுகளுக்கு?” டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “சிரிக்கலாம்மா, சத்தம் வராது” என்றார். பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் கழித்து, போனில் யாரோ அனுப்பிய ஒரு நிமிஷச் செய்தித் துணுக்கைக் காட்டினாள். பின்னணியில் டமாரம் அடிக்க, ‘அதிசயம் ஆனால் உண்மை’ என்று தலைப்புப் போட்ட, நான் பதினோரு வருஷமாகக் கிழித்துத் தோரணம் கட்டிய ரகம். பேச்சிழப்பவர்களின் குரலை மதுரைக் கல்லூரியில் சேமிக்கிறார்கள் என்று அதில் வந்தது. நான் சிரித்தேன், அப்போது சத்தம் வந்தது. அவள் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் போட்டு, தேதி வாங்கி, ஆஸ்பத்திரியில் கெஞ்சி ஆபரேஷனை மூன்று நாள் தள்ளி வைத்தாள். நான் ஆயிரம் செய்தி எழுதினேன். அவள் ஒன்றே ஒன்றைப் பார்த்து அதை வேலை வாங்கிவிட்டாள். நூற்று முப்பத்திரண்டு. “அரசு அலுவலகத்தில் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தேன்.” பச்சை. நூற்று முப்பத்து மூன்று. “எனக்கு மிகவும் பசியாக இருக்கிறது.” எங்கள் வீட்டில் யாரும் இப்படிச் சொன்னதில்லை. பசித்தால் நான் அடுப்பங்கரை வாசலில் போய் நிற்பேன், தட்டு வரும். இந்த வாக்கியங்களையெல்லாம் படித்துக்கொண்டு ஒரு இயந்திரம் என் சட்டைப் பையில் உட்கார்ந்து அவளிடம் ‘எனக்கு மிகவும் பசியாக இருக்கிறது’ என்று செய்தி வாசித்தால் அவள் என்ன செய்வாள்? பயமாக இருக்கிறது. ஆபரேஷனைவிட இது பயமாக இருக்கிறது. கத்தி வைக்கும்போது மயக்கத்தில் இருப்பேன், அப்புறம் வீட்டுக்கு வருவேனே, அங்கே யாரோ ஒரு வெளியூர்க்காரன் என் தொண்டையை வைத்துக்கொண்டு அவளோடு குடித்தனம் நடத்துவானே.

“ம்” என்றிருக்கிறேன் போல. சிவப்பு. “சார், நடுவுல அந்த ‘ம்’ வேணாம் சார். மெஷின் அத இரச்சல்னு நினச்சிரும்” என்கிறாள் பெனாசிர். இரைச்சலா? எங்கள் குடும்பமே அந்த இரைச்சலில்தான் ஓடியிருக்கிறது. காபி வைத்தால் ஒரு ம். பக்கத்து வீட்டுக் கதை சொன்னால் பேப்பரிலிருந்து தலை எடுக்காமல் ஒரு ம். அவள் சொல்வது சரி என்று தெரிந்தும் ஒத்துக்கொள்ளப் பிடிக்காதபோது மூக்கு வழியாக ஒன்று. அவளுடைய அப்பா இறந்த தகவல் வந்து, கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போகிற பஸ்ஸில் ஏறினோம். வழி முழுக்க அவள் அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள், சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது, கல்யாணத்தன்று மாட்டுத்தொழுவத்தில் போய் நின்று அழுதது. நான் ம், ம் என்றபடியே வந்தேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஊர் வந்ததும் அவள் என் கையை ஒருதரம் பிடித்துவிட்டு இறங்கினாள். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பெனாசிரிடம் கேட்டுவிட்டேன். “ஏம்மா, இந்த ‘ம்’முகளையும் வச்சுக்கிட முடியாதா?” கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். மற்றவர்களாக இருந்தால் சிரித்திருப்பார்கள். “வாக்கியத்துக்குள்ள வேணாம் சார். தனியா ஒரு ஃபோல்டர் போட்டுத் தாரேன். எத்தன வகையா இருக்கோ அத்தனையும் சொல்லுங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பட்டன் வச்சிரலாம்” என்றாள். சொன்னேன். ஏழு ம் தேறியது. எட்டாவதைச் சொன்னபோது என் மனைவி ஹெட்போனோடு தலையை ஆட்டி, “அது வேணாம் தாயி, அது கோவம் வந்தா சொல்லுறது” என்று பெனாசிரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. பெனாசிர் மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். என் மனைவி கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரிப்பதைக் கேட்கிறாள் என்று அப்புறம்தான் உறைத்தது. இன்னும் கொஞ்சம் சிரித்தேன், தொண்டை வலித்தது.

“சார், நீங்க வீட்ல நிரப்பிக் குடுத்த படிவம் இது. அன்றாடம் அடிக்கடி சொல்லுற வார்த்தைங்க. இத இப்பவே முடிச்சிரலாம், தொண்ட நல்லா இருக்குறப்பவே.” என் கையெழுத்து திரையில் வந்தது. தண்ணீர், மாத்திரை, செய்தித்தாள், மின்தடை, நன்றி, மின்விசிறியைக் குறைக்கவும். பத்தி எழுத்தாளன் நிரப்பிய படிவம் வேறு எப்படி இருக்கும்? “பேரு கட்டம் காலியா இருக்கே சார். வீட்ல யாரையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க? ஆன்ட்டிய எப்படிக் கூப்பிடுவீங்க?” என் மனைவி குனிந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். எப்படிச் சொல்வது இந்தப் பெண்ணிடம்? என் அம்மா பெயர் செண்பகவல்லி. இவள் பெயரும் செண்பகவல்லி. கோவில்பட்டியில் அம்மன் பெயர் அது, தெருவில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நாலு வாசலில் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். பெண் பார்க்கப் போனபோதே அத்தை சொன்னாள், மாமியார் பேரும் மருமகள் பேரும் ஒன்றாக இருந்தால் வீட்டில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாதே என்று. ஜாதகம் பொருந்திவிட்டது, பெயருக்காக யார் விடுவார்கள்? கல்யாணம் முடிந்து வந்த அன்றே அம்மா அவளுக்கு ‘ராணி’ என்று ஒரு பெயரைக் கொடுத்துவிட்டாள். எல்லாரும் ராணி என்றார்கள். எனக்கு அது வாயில் ஒட்டவில்லை, அவளுக்கும் அது பிடிக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. பெற்ற தாயின் பெயரைச் சொல்லிப் பெண்டாட்டியைக் கூப்பிடவும் நாக்குக் கூசியது. அதனால் ‘ஏளா’ என்று கூப்பிட்டேன், இல்லாவிட்டால் தொண்டையைச் செருமினேன். அவள் வந்துவிடுவாள். அம்மா போய் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. அதற்கப்புறமும் வாய் வரவில்லை. ஆதார் அட்டை அவளைச் செண்பகவல்லி என்கிறது. வங்கியில் டோக்கன் இயந்திரம் மைக்கில் ‘செண்பகவல்லி, எண் நாற்பத்தேழு’ என்று கூப்பிடும்போது அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி. நாட்டில் உள்ள இயந்திரமெல்லாம் அவள் பெயரைச் சொல்லியாகிவிட்டது. நான் சொல்லவில்லை.

பெனாசிருக்கு இதில் பாதியைத்தான் சொன்னேன், அதுவும் சுற்றி வளைத்து. அவள் கெட்டிக்காரி, மீதியைப் புரிந்துகொண்டாள். எனக்கு உதவி செய்வதாக நினைத்து, “அதனால என்ன சார், நீங்க பேரச் சொல்லணும்னு அவசியமே இல்ல. எழுத்த அடிச்சா மெஷினே உங்க குரல்ல சேர்த்துச் சொல்லிரும். இதுவரைக்கும் வாசிச்சத வச்சே ஓரளவு வரும், போட்டுக் காட்டவா?” என்று கேட்டுக்கொண்டே தட்ட ஆரம்பித்தாள். எனக்குப் புல்லரித்தது, அதை மறைக்க மாட்டேன். நான் சொல்லாத சொல்லை என் தொண்டையிலிருந்து உருவாக்கிவிடும் இந்த இயந்திரம். ஒட்டகச்சிவிங்கியிலிருந்தும் வெங்காயத்திலிருந்தும் துளித்துளியாக எடுத்துச் சேர்த்து, பச்சை வெளிச்சம் போட்டு, தப்பில்லாமல் சொல்லும். எவ்வளவு பெரிய வேலை, மனுஷன்தானே செய்திருக்கிறான், இந்த மாதிரி பெண்கள்தானே உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். வியாழக்கிழமைக்கு அப்புறம் தினமும் சொல்லும், நூறு தடவை சொல்லும், அலுக்காமல் சொல்லும். அவளும் திரும்பிப் பார்ப்பாள். ஆனால் முதல் தடவை யார் சொன்னது என்று அவளுக்குத் தெரியுமே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பெனாசிரின் விரல் கடைசி எழுத்தை அடித்துவிட்டது, சுண்டு விரல் என்டர் பக்கம் போகிறது. “நிறுத்தும்மா!” என்று கத்திவிட்டேன். இந்த ஆறு மாதத்தில் அவ்வளவு சத்தம் என்னிடமிருந்து வந்ததில்லை. தொண்டைக்குள் கிழிந்த மாதிரி இருந்தது. பெனாசிர் கையை எடுத்துவிட்டாள். “அது சொல்ல வேண்டாம்மா. மொதல்ல நான் சொல்லிருதேன்.”

தண்ணீர் குடித்தேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல், அதுவும் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற பெயர். வேர்த்துக் கொட்டுகிறது. சொல்லும்போது அம்மா முகம் வந்துவிடுமோ என்று பயந்தேன். வரவில்லை. இருபத்துநாலு வயதில், ராணி என்று கூப்பிட்டதும் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்த ஒரு பெண் முகம்தான் வந்தது. “செண்பகவல்லி” என்றேன். கரகரவென்றுதான் வந்தது. அவள் அசையவில்லை. பெனாசிர் திரையைப் பார்த்து, “சூப்பர் சார், ஒரே டேக்ல விழுந்துருச்சு” என்றாள். பிறகு என் மனைவியின் குரல், வாசலில் காய்க்காரனிடம் எடை சரியில்லை என்று சொல்கிற அதே குரல். “சரியா விழலைன்னு நெனைக்கேன் தாயி. இன்னொரு தடவ சொல்லச் சொல்லு.” “இல்ல ஆன்ட்டி, நல்லா விழுந்துருக்கு, இங்க பாருங்க.” “எனக்கு விழலை” என்றாள் அவள். நான் இன்னொரு தடவை சொன்னேன்.